கைக்கு அடங்கிய வேகம்

எட்டு போட்டால் போதும். தமிழ்நாட்டில் இருசக்கர வண்டி உரிமத்துக்கான தேர்வு பெரும்பாலும் அவ்வளவுதான். கால் ஊன்றாமல் எட்டு வடிவப் பாதையைச் சுற்றி வரவேண்டும். எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் ஆகியிருந்தால் தேர்வுக்குப் போகலாம். ஓட்டிக் காட்டும் வண்டி பெரும்பாலும் சித்தப்பாவின் 100 சிசி வண்டியாகவோ ஓட்டுநர் பள்ளி வண்டியாகவோ இருக்கும். பிறகு கைக்கு வரும் அட்டையில், கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்று ஒரே ஒரு வகைதான் உண்டு. 18 வயது நிரம்பிய ஒருவர் அந்த அட்டையை வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் 100 சிசி வண்டியிலும் ஏறலாம், 1000 சிசி வண்டியிலும் ஏறலாம். சட்டத்துக்கு இரண்டும் ஒன்று.

சிங்கப்பூரில் நடைமுறை வேறு. அங்கே முதலில் கிடைப்பது 200 சிசி வரை ஓட்ட அனுமதிக்கும் 2பி உரிமம். அதை வைத்து ஓராண்டு கழிந்த பிறகுதான் 400 சிசி வரைக்குமான 2ஏ. அதற்கும் ஓராண்டு கழித்துத்தான் அதற்கு மேற்பட்ட வண்டிகள். ஒவ்வொரு படிக்கும் தனிப் பயிற்சி, தனித் தேர்வு. ஐரோப்பிய நாடுகளிலும் படிகள் உண்டு. அங்கே எஞ்சினின் கொள்ளளவோடு அதன் திறனையும் அளக்கிறார்கள். முதல் படி 11 கிலோவாட், அடுத்தது 35 கிலோவாட், பிறகே கட்டுப்பாடு இல்லாத உரிமம். சிங்கப்பூரில் வளரும் ஒரு தமிழ்ப் பையனுக்கும் திருச்சியில் இருக்கும் அவனுடைய சித்தி மகனுக்கும் வண்டி ஆசை ஒன்றுபோலத்தான் வருகிறது. முன்னவனுக்கு அரசு பொறுமையைக் கற்றுத் தருகிறது. பின்னவன் அதைத் தானே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படித் தேட வேண்டிய இடம் ஒன்றைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். ஓட்டப் பழகி அதிக நாள் ஆகாத ஒருவர், முழு உறை போர்த்திய ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் பைக் வேண்டும் என்று ஷோரூம் படியேறினால், அவர் முன்னால் வந்து நிற்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: யமஹா ஆர்15-ஆ, டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்ஆர் 310-ஆ? முன்னது 155 சிசி. பின்னது 312.2 சிசி. சிங்கப்பூர்ச் சட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கோடு கிழிக்கிறது. இங்கே உரிமம் ஒன்று. மூன்றாம் நபர் காப்பீட்டில் 150 சிசிக்கு மேல் 350 சிசி வரை ஒரே அடுக்கு என்பதால் கட்டணமும் ஒன்று. 2025 செப்டம்பரில் மாற்றியமைக்கப்பட்ட ஜி.எஸ்.டி.யிலும் 350 சிசி வரை ஒரே 18 சதவீதம். உரிமம், காப்பீடு, வரி என்று அரசிடம் உள்ள மூன்று அளவுகோல்களாலும் பார்க்க முடியாத ஒரு வேறுபாடு இவ்விரு வண்டிகளுக்கும் இடையே இருக்கிறது. அதை வாங்குகிறவர்தான் பார்க்க வேண்டும். ஆகவே இதை வெறும் வண்டித் தேர்வு என்று நான் நினைக்கவில்லை. தன் கைக்கு இன்று எவ்வளவு தெரியும் என்று ஒருவர் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் தேர்வு இது. எட்டு போட்டபோது யாரும் கேட்காத கேள்வி.

இரண்டு வண்டிகளுமே மதிப்புக்குரியவை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2008-இல் ஆர்15 வந்தபோது இந்திய வாசகர் பத்திரிகைகளில் மட்டுமே படித்திருந்த பலவற்றை அது நடுத்தர வர்க்கத்தின் கைக்குக் கொண்டுவந்தது. 149.8 சிசியில் நீரால் குளிரும் எஞ்சின், நான்கு வால்வு, ஆறு கியர், பந்தய வண்டிகளின் வழிவந்த டெல்டாபாக்ஸ் சட்டகம். அதற்கு ஐந்து ஆண்டு முன்னால் வந்த கரிஸ்மாவுக்கு 223 சிசியும் பாதி உறையும் இருந்தன. நெடும்பயணத்துக்கு அது நல்ல துணை. ஆனால் வளைவுக்குள் சாய்வதற்காகவே வடிவமைத்த மலிவான வண்டி என்று ஒன்று இங்கே அதுவரை இல்லை. அதன்பின் 2011, 2018, 2021 என்று ஆர்15 தன்னைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது. எஞ்சின் ஐந்து சிசிதான் பெரிதாயிற்று. மற்ற எல்லாமே நுணுக்கமாயிற்று.

ஆர்ஆர் 310-இன் கதை ஓசூரில் நடப்பது. 1980-இல் டி.வி.எஸ். 50 பிறந்த ஊர் அது. பால்காரரும் மளிகைக்கடைக்காரரும் மேல்நிலைப்பள்ளி ஆசிரியரும் இரண்டு தலைமுறையாக நம்பிய மொபெட்டைச் செய்த நிறுவனம், 2013-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூவோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஒரு புதிய எஞ்சினை உருவாக்கியது. வழக்கத்துக்கு மாறாக அதன் சிலிண்டர் பின்பக்கம் சாய்ந்திருக்கும். காற்று முன்னாலிருந்து உள்ளே போகும், புகை பின்னால் வெளியேறும். அதனால் எடை முன்சக்கரத்தை நோக்கி நகர்கிறது. வண்டியின் மொத்த நீளத்தைக் கூட்டாமலே பின்சக்கரத்தைத் தாங்கும் கையை நீளமாக வைக்க முடிகிறது. அந்த எஞ்சினோடு 2017 டிசம்பரில் ஆர்ஆர் 310 வந்தது. பி.எம்.டபிள்யூவின் 310 வரிசை வண்டிகளும் அதே ஓசூரில்தான் உருவாயின. 50 சிசியிலிருந்து இந்த இடத்துக்கு 37 ஆண்டுகளில் வந்து சேர்ந்த ஓர் ஊரின் உழைப்பை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அந்தப் பெருமை ஒரு புதிய ஓட்டுநருக்கான ஆலோசனையாக மாறிவிடக் கூடாது என்பதிலும் கவனமாக இருக்கிறேன்.

எண்களைப் பார்ப்போம். ஆர்15-இன் திறன் 18.4 குதிரைத்திறன், எடை 142 கிலோ. ஆர்ஆர் 310-இன் 2024 வடிவத்துக்கு 38 குதிரைத்திறன், எடை 174 கிலோ. ஒரு டன் எடைக்கு எவ்வளவு திறன் என்று வகுத்தால் முன்னதற்குச் சுமார் 130, பின்னதற்கு 218. பழைய ஆர்எக்ஸ் 100-ஐ ஓட்டியவர்கள் அதன் பிக்கப்பைப் பற்றி இன்னும் கண் விரியப் பேசுகிறார்கள். அதன் திறன் 11 குதிரைத்திறன். அந்த வண்டியில் விழுந்து எழுந்த கதைகளும் அவர்களிடமே நிறைய இருக்கின்றன.

எண்களுக்குள் இருக்கும் குணம் இன்னும் முக்கியம். ஆர்15-இன் எஞ்சினில் காற்றை உள்ளிழுக்கும் வால்வுகளுக்கு இரண்டு விதமான அசைவு உண்டு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,400 சுற்றுவரை அது நகரத்து வண்டி. அதைத் தாண்டும்போது இன்னொரு கேம் வேலைக்கு வரும். குரல் மாறும், இழுவை மாறும். முழுத்திறன் 10,000 சுற்றில்தான் கிடைக்கும். அதாவது இந்த வண்டியில் வேகம் கேட்டால்தான் வரும். கேட்பதற்கும் முறை உண்டு. கியரை இறக்க வேண்டும், சுற்றை ஏற்ற வேண்டும், முன்னால் போகும் லாரியைக் கடக்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டும். கணக்குத் தவறினால் கடக்க முடியாது. பின்வாங்கி லாரியின் பின்னாலேயே வரவேண்டியதுதான். பெரும்பாலான சமயங்களில் தவறுக்கான தண்டனை அவ்வளவுதான். ஓர் ஆசிரியரிடம் நான் எதிர்பார்ப்பதும் அதுவே.

ஆர்ஆர் 310 வேறு விதம். அதன் இழுவை 29 நியூட்டன் மீட்டர், ஆர்15-இன் 14.2-ஐப்போல் இரு மடங்கு. எந்த கியரில் இருந்தாலும் மணிக்கட்டைக் கொஞ்சம் முறுக்கினால் லாரி பின்னால் போய்விடும். அனுபவம் உள்ளவருக்கு இது பாதுகாப்பு: நெடுஞ்சாலையில் ஆபத்தான இடத்திலிருந்து சட்டென்று விலகிவிடலாம். இதை நான் மறுக்கவில்லை. வேலைக்காக வாரந்தோறும் ஓசூருக்கும் சென்னைக்கும் நடுவே போய்வரும் ஒருவர், ஏற்கெனவே பல ஆண்டுகள் சாதாரண வண்டி ஓட்டியவர், 310-ஐத் தேர்ந்தெடுத்தால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் புதியவரிடம் அதே இழுவை வேறொன்றைச் செய்கிறது. கணக்குப் போடாமலே விடை வந்துவிடுகிறது. தவறான கியரில் இருந்தாலும் வண்டி போகிறது, தாமதமாக முடிவெடுத்தாலும் போகிறது. தவறுகள் தவறுகளாகவே தெரிவதில்லை. ஒருநாள் மொத்தமாகத் தெரியவரும்போது வேகம் 100-ஐத் தாண்டியிருக்கும்.

என் அக்கா மகனுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். டியூ கட்டும் தெம்பு வந்துவிட்டது.

"மாமா, ஆர்15 எடுத்தா ரெண்டே வருஷத்துல சலிச்சிரும்னு எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் வித்துட்டு 310 எடுக்கறதுக்கு இப்பவே எடுத்துட்டா என்ன? காசும் மிச்சம்தானே?"

"சலிக்கட்டும்டா. சலிக்கிற அளவுக்கு அதை ஓட்டிட்டேன்னா அதுதான் நீ கத்துக்கிட்டதுக்கு அத்தாட்சி. அப்ப வா, நானே உன்கூட ஓசூர் வண்டியைப் பாக்க வரேன்."

இந்தச் சலிப்பு என்ற வாதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புதிய ஓட்டுநர்கள் அதிகமாகக் கேட்கும் எச்சரிக்கை இதுதான்: சின்ன வண்டி வாங்காதே, சீக்கிரம் போதாமல் போய்விடும். எதற்குப் போதாமல் போகும்? நேர்ச்சாலையில் ஆக்ஸிலேட்டரை முறுக்குவதற்கு என்றால், 18 என்ன, 38-உம் சலிக்கும், 100-உம் சலிக்கும். நேர்க்கோட்டு வேகத்துக்கு மனம் மிக விரைவில் பழகிவிடும் இயல்புடையது. வளைவுகள் அப்படிச் சலிப்பதில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றுக்கும் நுழையும் வேகம் தனி, பார்வை போக வேண்டிய இடம் தனி, மீண்டும் முறுக்கத் தொடங்கும் கணம் தனி. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளிலும் அப்படித்தான். அங்கே 142 கிலோ வண்டி எண்ணியவுடன் சாய்கிறது. இடப்பக்கம் திரும்ப இடக்கைப் பிடியை லேசாக முன்னே தள்ள வேண்டும் என்ற விசித்திரமான உண்மையைக் கை கண்டுகொள்வது இத்தகைய இடங்களில்தான். கண் போகும் இடத்துக்கே வண்டி போகும் என்பதும், பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே போனால் பள்ளத்தில்தான் விழுவோம் என்பதும் அங்கேதான் உடம்பில் இறங்கும். அந்த மலைச்சாலைகளில் ஆர்15-இன் திறன் முழுவதையும் முறையாகப் பயன்படுத்திவிட்டேன் என்று சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். மற்றவர்கள் வண்டி சலித்துவிட்டது என்று சொல்வதற்குப் பொருள், வண்டி அவர்களை இன்னும் ஈர்க்கவில்லை என்பதல்ல; கற்பதை அவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்பதே.

இன்னொரு வாதமும் உண்டு. ஆர்ஆர் 310-இல் ஓட்டும் முறைகளைப் பொத்தானால் மாற்றலாம். 2020-இல் வந்த வடிவத்தில் நகர முறையையோ மழை முறையையோ தேர்ந்தெடுத்தால் 34 குதிரைத்திறன் 25.8-ஆகக் குறைந்தது. அப்படியானால் பெரிய வண்டியை வாங்கி, ஓராண்டுக்கு மழை முறையிலேயே ஓட்டினால் சிங்கப்பூர்ப் படிமுறை நம் வண்டிக்குள்ளேயே வந்துவிடாதா? நியாயமான கேள்வி. பொறியாளர்கள் நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடு அது. மழைக்காலத்தில் அதன் பயனை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பொத்தான் ஓட்டுபவரின் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருக்கிறது. நண்பர்களின் வண்டிகள் முன்னால் சீறிப் போகும் ஞாயிற்றுக்கிழமை காலையில், மகாபலிபுரம் சாலையில், 20 வயதுக் கட்டைவிரல் சும்மா இருக்கும் என்று நான் நம்பவில்லை. தவிர, பொத்தான் திறனைத்தான் குறைக்கும், எடையைக் குறைக்காது. 32 கிலோ என்பது ஒரு சிப்பம் அரிசிக்கும் மேல். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பின்னுக்குத் தள்ளும்போதும், சரளைக்கல் சரிவில் ஒற்றைக் காலில் தாங்கி நிற்கும்போதும் அந்த எடை தெரியும். புதியவர்கள் பெரும்பாலும் விழுவது 100 கிலோமீட்டர் வேகத்தில் அல்ல. பெட்ரோல் பங்கில் திரும்பும்போதுதான்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. நம் வீடுகளில் வண்டி பழகும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லப்படும் புத்திமதி, முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புற விழுவாய் என்பது. டிரம் பிரேக்கும் மண்சாலையும் இருந்த காலத்தில் அனுபவத்திலிருந்து வந்த சொல் அது. இன்றைய வண்டியில் அதையே கடைப்பிடித்தால் ஆபத்து. பிரேக் பிடித்தவுடன் எடையின் பெரும்பகுதி முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது, பின்சக்கரம் இலேசாகிறது. ஆகவே நிறுத்தும் வலிமையின் பெரும்பங்கு முன்சக்கரத்திடமே இருக்கிறது. ஆர்15-இல் முன்வட்டு 282 மில்லிமீட்டர், ஆர்ஆர் 310-இல் 300. இரண்டிலும் இரு சக்கரங்களுக்கும் ஏ.பி.எஸ். உண்டு. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதை அது தடுக்கும். வண்டி எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது வேகம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது, ஆபத்தைக் கண்டு கை அசையும் ஒரு நொடிக்குள் வண்டி 16.7 மீட்டர் போய்விடும். 100-இல் 27.8 மீட்டர். அதன்பிறகு பிரேக் பிடித்து நிறுத்த ஆகும் தூரம் வேகத்தின் இருமடிப்படி பெருகும்: 60-ஐவிட 100-க்குக் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. 310-ஐ ஓட்டும் புதியவர் 100-ஐத் தொடுவது விருப்பப்பட்டு அல்ல. அங்கே வந்துவிட்டதை அறியாமலே. நான்குவழிச் சாலையில் இருசக்கர வண்டிக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்சவரம்பு 80 என்பதை நினைவில் வைத்தால், இரண்டில் எந்த வண்டியின் உச்சவேகமும் சாலையில் நமக்குத் தேவையில்லை என்பது விளங்கும்.

நம் சாலைகளின் இயல்பையும் சேர்த்துப் பாருங்கள். வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை. எதிர்ப்பக்கத்தில் வரும் டிராக்டர். தார்ச்சாலையின் பாதியில் காயப்போட்ட கேழ்வரகுக் கதிர். சுவரொட்டியைத் தின்றுகொண்டு நிற்கும் மாடு. இரவில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி. ஒரு பந்தயப் பாதையில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு மாநிலங்களில் அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்: 64,105. நம் ஊர் முச்சந்திகளில் கட்டப்படும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளைப் பார்த்திருப்பீர்கள். எத்தனையோ பதாகைகளில் அந்தப் பையன் தன் வண்டியின் மேல் கைவைத்துச் சிரித்தபடி நிற்கிறான். அந்தப் படத்தை எடுத்த நாளில் அவனுக்கு வண்டி புதிது. அவன் திமிர் பிடித்தவன் என்று சொல்லி நாம் கடந்துபோய்விடுகிறோம். பெரும்பாலும் அவன் யாராலும் கற்பிக்கப்படாதவன்.

இதைப் பற்றி ஆழமாக ஆராய்ந்தவர்களில் அமெரிக்காவின் ஹாரி ஹர்ட் முன்னோடி. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவர் தலைமையில் நடந்த ஆய்வு 1981-இல் வெளியானது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 விபத்துகளை அந்தந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். என்னை இன்னும் அதிகமாக யோசிக்க வைத்தது வேறொரு கண்டுபிடிப்பு. அவர்களுக்குச் சாலையில் ஓட்டிய அனுபவம் சராசரியாக ஏறத்தாழ மூன்று ஆண்டு இருந்தது. ஆனால் பாதிப்பேருக்கு மேல், விபத்துக்குள்ளான அந்த வண்டியோடு பழகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அதாவது புதிய ஓட்டுநர் என்பவர் புதிதாக உரிமம் வாங்கியவர் மட்டுமல்ல. புதிய வண்டியில் ஏறும் ஒவ்வொருவரும் புதிய ஓட்டுநரே. ஆர்15-இலிருந்து ஆர்ஆர் 310-க்குப் போகிறவரும் முதல் சில மாதங்களுக்கு மீண்டும் மாணவர்தான். பத்தாண்டு ஸ்கூட்டர் ஓட்டிய தகப்பன் மகனுடைய வண்டியில் ஒரு சுற்றுப் போய்வர ஏறினாலும் அப்படியே. ஒரு வண்டியில் சேர்த்த அனுபவத்தை இன்னொரு வண்டிக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. ஒரு பகுதியைத்தான் எடுத்துச் செல்லலாம். இரண்டு வண்டிகளுக்கும் இடையே உள்ள இடைவெளி சிறிதாக இருந்தால் எடுத்துச் செல்லும் பகுதி பெரிதாக இருக்கும். 100 சிசியிலிருந்து 155-க்கு, அங்கிருந்து 312-க்கு என்று போகச் சொல்வதற்கு நான் கண்ட காரணம் இதுதான்.

ஆர்15-ஐப் பரிந்துரைக்கும் நான் அதன் கடுமையை மறைக்கக் கூடாது. அதில் உட்கார்ந்தால் முதுகு முன்னால் வளையும், எடை மணிக்கட்டில் இறங்கும், கால்கள் பின்னுக்கு மடங்கும். இந்த விஷயத்தில் பெரிய வண்டியான ஆர்ஆர் 310 கொஞ்சம் இரக்கமுள்ளது. அண்ணா சாலை நெரிசலில் ஆர்15-ஓடு ஒரு மணி நேரம் ஊர்ந்தவருக்கு அது தெரியும். இருக்கை உயரம் 815 மில்லிமீட்டர். குள்ளமானவர்கள் இரண்டு பாதத்தையும் முழுமையாக ஊன்ற முடியாமல் போகலாம். இன்று இத்தகைய வண்டிகளை ஓட்ட முன்வரும் பெண்கள் பெருகியிருக்கிறார்கள். "உயரம் பத்தாதும்மா, ஸ்கூட்டி பாருங்க" என்று ஷோரூமில் யாராவது சொன்னால் அவர்கள் திரும்பிப் போக வேண்டியதில்லை. இலேசான வண்டியை ஒற்றைக் காலால் தாங்கி நிறுத்துவது பழகக்கூடிய திறமை; அதற்கும் 142 கிலோவே உகந்தது. இரண்டு வண்டிகளிலும் பின்னிருக்கை பெயரளவுக்குத்தான். அம்மாவைக் கோயிலுக்கோ தங்கையை டியூஷனுக்கோ ஏற்றிப்போக வேண்டிய வீட்டில், இருக்கும் ஒரே வண்டி இதுவாக இருந்தால் அந்த வீட்டுக்கு இது நியாயம் செய்யாது. அப்படிப்பட்டவர்கள் உறை இல்லாத, நிமிர்ந்து அமர்கிற வண்டிகளைப் பார்ப்பதே நல்லது. ஆர்15-இன் எஞ்சினே எம்டி-15-இல் இருக்கிறது. ஓசூரின் 310 எஞ்சினுக்கும் ஆர்டிஆர் 310 என்ற நிமிர்ந்த வடிவம் உண்டு. தேவை எது என்று தெரிந்த பிறகு ஆசையைத் தேர்ந்தெடுப்பதில் குற்றமில்லை. தெரியாமல் தேர்ந்தெடுத்தால் வண்டி வீட்டு வாசலில் தூசி படிந்து நிற்கும், டியூ மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

பணத்தையும் பேசிவிடுவோம். இரண்டுக்கும் விலையில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் ரூபாய் வித்தியாசம் இருந்து வந்திருக்கிறது. டாங்க் இரண்டுக்கும் 11 லிட்டர்தான். ஆனால் ஒரு லிட்டருக்கு ஆர்15 நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகும். ஆர்ஆர் 310 முப்பதை ஒட்டி. மிச்சமாகும் தொகையை மிச்சம் என்று எண்ணாமல், அதே வண்டியின் விலையில் ஒரு பகுதி என்று எண்ணச் சொல்வேன். முகம் முழுவதும் மூடும் தரமான ஹெல்மெட், விரல் மூட்டில் காப்புள்ள கையுறை, முழங்கையிலும் தோளிலும் தடுப்பு வைத்த ஜாக்கெட், கணுக்காலை மறைக்கும் காலணி ஆகிய எல்லாவற்றையும் வாங்கினாலும் அந்த ஒரு லட்சத்தில் பெரும்பகுதி கையில் இருக்கும். அதில் முறையான பயிற்சிக்கு ஒதுக்குங்கள். வேகமாக ஓட்டிப் பார்க்கத் தமிழ்நாட்டில் இடம் இல்லாமல் இல்லை. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் பந்தயப் பாதைகள் இருக்கின்றன. பயிற்றுநர் பார்த்துக்கொண்டிருக்க, எதிரே வண்டி வராத பாதையில், விழுந்தால் மண்ணில் சரியும் இடத்தில் ஒரு நாள் ஓட்டினால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓராண்டு சீறினாலும் கிடைக்காத பாடம் கிடைக்கும். தன் வண்டி எவ்வளவு சாயும், தான் எவ்வளவு குறைவாகச் சாய்க்கிறோம் என்பதைக் கண்டபின் சாலையில் பணிவு தானே வரும்.

அரசும் இதில் செய்ய வேண்டியது உண்டு. எட்டு போடும் தேர்வோடு அவசர பிரேக் பிடிப்பதையும் திடீரென விலகுவதையும் சேர்த்துத் தேர்வு வைக்கலாம். திறனின் அடிப்படையில் இரண்டு படிகளாகவாவது உரிமத்தைப் பிரிக்கலாம். சிங்கப்பூர்க்காரர்கள் அதற்காக வண்டி ஓட்டுவதை விட்டுவிடவில்லை. ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் கலாச்சாரம் அழிந்துவிடவில்லை. வண்டி செய்யும் நிறுவனங்களும், சின்ன வண்டியிலிருந்து பெரிய வண்டிக்கு மாறுகிறவருக்கு ஒரு நாள் பயிற்சியை விலையோடு சேர்த்துத் தரலாம். இரண்டு தரப்பும் செய்யும் நாளுக்குக் காத்திருக்க முடியாததால்தான் இதை வாங்குகிறவரிடமும், அவருக்கு முன்பணம் கொடுக்கும் அப்பா, அம்மா, மாமாக்களிடமும் சொல்கிறேன்.

என் தீர்ப்பு இது. ஓட்டப் பழகி மூன்று ஆண்டுக்குள் இருப்பவர், முதல் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்குபவர், ஆர்15-ஐ எடுக்கட்டும். இரண்டு மழைக்காலமாவது அதை ஓட்டட்டும். முன் பிரேக்கை அஞ்சாமல் பிடிக்கவும், வளைவின் முடிவைப் பார்த்து நுழையவும், கடக்க முடியாத லாரியின் பின்னால் பொறுமையாக வரவும் கை பழகிய பிறகு ஆர்ஆர் 310-க்குப் போகட்டும். ஓசூரில் செய்த அந்த நல்ல எஞ்சினின் அருமை அப்போதுதான் முழுமையாகத் தெரியும். ஏற்கெனவே பல ஆண்டு ஓட்டி, நெடுஞ்சாலைத் தூரங்கள் உண்மையிலேயே தேவைப்படுகிறவர் நேராக 310-ஐ எடுக்கலாம். ஆனால் முதல் ஐந்து மாதம் தன்னைப் புதியவர் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். எந்த வண்டியை எடுத்தாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட்டை வண்டிக்கு முன்னதாகவே வாங்கிவிடுங்கள். தெருமுனைக் கடைக்குப் போவதானாலும் தாடைப்பட்டையைப் பூட்டிக்கொண்டு போங்கள்.